முதலில் 'ஆட்டோ'வை அணையுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: இளநிலை மாணவர்களுக்கான கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி, அதிலும் கணினி ஒளியியல். விண்ணப்பம் போடும் காலம் என்பதால் இருக்கலாம். மாணவியாக இருந்தபோது நானும் ஒரு கோடையில் அப்படிப் போய்வந்தவள். அப்புறம் பல வருடங்களாக என் லேபுக்கு வருகிற பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

மேடம், கோடைப் பயிற்சிப் பட்டியலில் 'கம்ப்யூடேஷனல் ஆப்டிக்ஸ்' என்று ஒரு லேப் இருக்கிறது. அது இயற்பியலா, கம்ப்யூட்டர் சயின்ஸா? எனக்குப் பைத்தான் சுமாராகத்தான் வரும். விண்ணப்பிக்கலாமா?
(பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

தாராளமாக விண்ணப்பியுங்கள். அது இரண்டும் கலந்த துறை. சாதாரண கேமராவில் படத்தை உருவாக்குவது லென்ஸ்; சென்சார் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கணினி ஒளியியலில் வேலை இரண்டாகப் பிரிகிறது. கண்ணாடி பாதி செய்யும், கணக்கு மீதியைச் செய்யும். சென்சாரில் விழுவதைப் பார்த்தால் பல நேரம் ஏதோ கறை மாதிரி இருக்கும். ஒளி என்ன வழியாக வந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கறையிலிருந்து படத்தை மீட்கத் தெரியும்.

ஏன் இந்தத் தலைசுற்றல் என்று கேட்பீர்கள். சென்சாருக்குப் பிரகாசத்தை எண்ண மட்டும்தான் தெரியும். பச்சை ஒளி விநாடிக்கு 500 லட்சம் கோடி தடவைக்கு மேல் அலைகிறது. அதன் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர எந்த சென்சாராலும் முடியாது. அதனால் அலை எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்கிற தகவல், பாடப்புத்தகம் 'கட்டம்' (phase) என்று சொல்வது, தொலைந்துபோகிறது. கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் ஓர் உயிர்ச் செல், ஒளியை மங்கலாக்குவதில்லை, கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதம் கட்டத்தில்தான் இருக்கிறது. ஆக, பிரகாசப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு கட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 1972இல் கெர்ச்பெர்க், சாக்ஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: லென்ஸுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே ஃபூரியர் உருமாற்றத்தில் (படத்தை அலைகளாகப் பிரித்துக் காட்டும் கணக்கு அது) போய்ப் போய் வந்துகொண்டே இரு; ஒவ்வொரு தடவையும் அளந்த பிரகாசத்தைத் திரும்பப் போடு, கட்டத்தை மட்டும் தொடாதே.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஹப்பிள் கதை. 1990இல் மேலே போன அந்தத் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி, விளிம்பில் சுமார் 2.2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாகிவிட்டிருந்தது. ஆடியைச் சோதித்த கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் தவறி உட்கார்ந்திருந்ததுதான் காரணம். மேலே போய் ஆடியை அளக்க முடியாது. கையில் இருந்தவை மங்கிப்போன நட்சத்திரப் படங்கள். அந்த மங்கலிலிருந்தே கட்டத்தை மீட்டு, ஆடி எவ்வளவு தவறு என்று கணக்குப் போட்டார்கள். 1993 டிசம்பரில் போன வீரர்கள் அதற்குத் தகுந்த 'மூக்குக் கண்ணாடி'யை மாட்டிவிட்டு வந்தார்கள்.

பைத்தானில் ஒரு படத்தைத் திறந்து, அதை எண்களின் அணியாகப் பார்த்து, ஃபூரியர் உருமாற்றம் செய்து, திரும்பச் சேமிக்கத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

சென்ற இதழில் 'லேசர் இல்லாமல் ஹாலோகிராம் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். கேபர் ஹாலோகிராஃபியைக் கண்டுபிடித்தபோது லேசரே கிடையாதே?
(ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்)

ஐயா, தவறுதான். அவசரத்தில் எழுதிவிட்டேன். புதியவர்களுக்கு: ஒளியின் பிரகாசத்தோடு அதன் கட்டத்தையும் வரிவரியாகப் பதிந்துவைக்கும் படம்தான் ஹாலோகிராம். டென்னிஸ் கேபர் அதை வெளியிட்டது 1948இல். முதல் லேசர் வந்தது 1960இல். அவர் பாதரச விளக்கின் ஒளியை ஊசித்துளை வழியாக அனுப்பித்தான் ஹாலோகிராம் எடுத்தார். அவருக்கு வேண்டியிருந்தது எலக்ட்ரான் நுண்ணோக்கியை மேம்படுத்த ஒரு வழி. 1971இல் நோபல் பரிசும் வந்தது. அவர் முறையில் ஒரு தொல்லை இருந்தது: அசல் உருவத்தின் மேலேயே அதன் 'இரட்டை' ஒன்று மங்கலாக வந்து படிந்துகொள்ளும். இன்றைக்கு அந்த இரட்டையைப் பிரித்தெடுப்பதே கோடை மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வாரப் பயிற்சி. இந்தப் பிழைக்கும் இந்த இதழின் விஷயத்துக்கும் முடிச்சு விழுந்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

விண்ணப்பத்தில் 'ஏன் இந்தப் பயிற்சி' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதினால் எடுபடும்? என் மதிப்பெண் நடுத்தரம்தான்.
(பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர்)

என்ன எழுதினால் எடுபடாது என்று முதலில் சொல்கிறேன். 'சிறு வயதில் வானவில்லைப் பார்த்து வியந்தேன்.' தம்பி, எல்லோரும் வியந்திருக்கிறோம். கட்டுக் கட்டாக விண்ணப்பம் படிக்கிறவருக்கு அந்த வரி வந்ததும் கண் தானாக அடுத்த பத்திக்குத் தாவிவிடும். அடுத்தது, லேபின் இணையப் பக்கத்தில் இருப்பதையே திருப்பி எழுதுவது. அதை எழுதியதே நாங்கள்தானே.

ஒரு வருடம் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: இருட்டு அறையில் செல்போனை முக்காலியில் வைத்து ஒரே சுவரைப் பல தடவை படம் எடுத்தேன். நான்கு படங்களைச் சராசரி போட்டால், படத்தில் பொரிபொரியாகத் தெரியும் இரைச்சல் பாதியானது, பதினாறு போட்டால் நான்கில் ஒரு பங்கு. புத்தகத்தில் இருக்கிற மாதிரியே வந்தது. ஆனால் படங்களை ஏற்றிக்கொண்டே போனால் ஓர் இடத்துக்குமேல் குறையவே இல்லை, மெல்லிய கோடுகள் அப்படியே நின்றன. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கடைசி வரிக்காகவே அவளை எடுத்தேன். அந்தக் கோடுகள் சென்சாரின் நிரந்தரக் குணம். ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் இருக்கும், சராசரி போட்டால் போகாது. மூடியை மூடி இருட்டுப் படம் ஒன்று எடுத்துக் கழித்தால் பெரும்பாலும் போய்விடும். அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. தானே அளந்து, அளந்தது கணக்கோடு ஒத்துப்போகாத இடத்தைக் கவனித்திருக்கிறாள், அதை மறைக்காமல் எழுதியும் இருக்கிறாள். அவள் மதிப்பெண் என்ன என்று இப்போது எனக்கு ஞாபகமில்லை.

நீங்களும் ஏதாவது ஒன்றை அளந்து பாருங்கள். சொதப்பினாலும் பரவாயில்லை, எங்கே சொதப்பியது என்று எழுதுங்கள்.

பத்து வாரத்தில் உண்மையாகவே ஆராய்ச்சி செய்ய விடுவார்களா? இல்லை, சும்மா டேட்டா எடுக்கவும் துடைக்கவும் பெருக்கவும்தானா?
(பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கும் மாணவி)

டேட்டா எடுப்பதைச் 'சும்மா' என்று சொன்னீர்களே, அங்கேதான் என் சண்டை ஆரம்பிக்கிறது.

கணினி நிரல், அதாவது கோட், எழுதலாம் என்ற ஆசையோடுதான் எல்லோரும் வருகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். கண்ணாடித் தகட்டில் தூவிய நுண்மணிகளை லென்ஸ் இல்லாமல், ஹாலோகிராமாகப் பதிந்து, கணக்கில் மீட்க வேண்டும். இரண்டு வாரம் இராப்பகலாகப் படம் எடுத்தேன். ஆயிரத்துக்கு மேல் படங்கள். மணியோடு ஒரு படம், மணியில்லாமல் ஒரு படம், ஒன்றால் மற்றதை வகுக்க வேண்டும். வகுத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வந்தது. கோடில்தான் தவறு என்று நினைத்து அதையே திருத்திக்கொண்டிருந்தேன். வழிகாட்டி வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எக்ஸ்போஷர் எவ்வளவு வைத்தாய்?"

ஒரு படத்துக்கு சென்சார் எவ்வளவு நேரம் ஒளியை வாங்குகிறது என்பதுதான் எக்ஸ்போஷர். நான் எதையும் வைக்கவில்லை. கேமரா தானாக வைத்துக்கொண்டது. வெளிச்சம் கூடினால் அது எக்ஸ்போஷரைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு அளவுகோல். போதாக்குறைக்கு எல்லாவற்றையும் ஜேபெக்காகச் சேமித்திருந்தேன். அது படத்தை எட்டுக்கு எட்டுச் சதுரங்களாக வெட்டி, கண்ணுக்கு முக்கியமில்லாத நுணுக்கத்தைத் தூக்கிப்போட்டுவிடும். ஹாலோகிராமின் உயிரே அந்த நுண்ணிய வரிகளில்தான். இரண்டு வார வேலையும் குப்பைக்குப் போனது. பத்தில் இரண்டு.

அன்றிலிருந்து எந்த மாணவர் வந்தாலும் முதல் நாள் நான் சொல்வது: ஆட்டோவை அணை. ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ வெள்ளைச் சமநிலை, ஆட்டோ கூர்மை, எல்லாம். சென்சார் தருகிற எண்களை எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே சேமி.

இன்னொரு கதையும் சொல்லிவிடுகிறேன். ஃபூரியர் டைக்கோகிராஃபி என்று ஒரு முறை இருக்கிறது. 2013இல் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிலையத்திலிருந்து வந்தது. சாதாரண நுண்ணோக்கியின் விளக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எல்இடிகள் வரிசை வரிசையாகப் பதித்த பலகையை வைக்க வேண்டும். ஒவ்வொரு எல்இடியாக எரித்துப் படம் எடுத்து, எல்லாவற்றையும் கணக்கில் தைத்தால், இரண்டு மடங்கு பெருக்கும் சின்ன லென்ஸுக்கே பெரிய லென்ஸின் கூர்மை வரும், பார்க்கும் பரப்பும் குறையாது. என் மாணவி ஒருத்தி இதை எடுத்தாள். கோட் அருமையாக எழுதுவாள். கணினியில் தானே உருவாக்கிய போலிப் படங்களில் முதல் நாளே வேலை செய்தது. நிஜப் படத்தைக் கொடுத்தால் புழு நெளிகிற மாதிரி ஏதோ வந்தது. ஒன்பது நாள் கோடோடு போராடினாள்.

பத்தாம் நாள் அவளைத் திரையிலிருந்து எழுப்பி நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தேன். குமிழைக் கொஞ்சம் திருகி, தகட்டை ஃபோகஸிலிருந்து ஒரு நூல் விலக்கினோம். ஒரு தூசியைக் குறிவைத்து, இடப்பக்க ஓர எல்இடியிலிருந்து வலப்பக்கம் வரை ஒவ்வொன்றாக எரியவிட்டோம். ஒளி சாய்ந்து வந்தால் ஃபோகஸ் விலகிய தூசி நகரும். எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று அவள் எழுதிய கோட் சொல்லும். தூசி எதிர்ப்பக்கம் போனது. பலகையை இடவலம் மாற்றி மாட்டியிருந்தாள்! அவள் பேசவே இல்லை. உட்கார்ந்து ஒரு வரி மாற்றினாள். அன்று சாயங்காலம் செல் சுவர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் தெரிந்தன.

கோட் எதை நம்புகிறதோ அது மேசைமேல் உண்மையாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி. அதைச் செய்ய உங்களை விடுவார்கள். விடாமல் வேறு யார் செய்வது? துடைக்கவும் வேண்டியிருக்கும்தான். லென்ஸை உங்கள் துப்பட்டாவால் துடைத்துவிடாதீர்கள்.

இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே. மங்கலான படத்தைக் கொடுத்தால் அதுவே தெளிவாக்கிவிடுகிறது. இந்தக் கணக்கெல்லாம் இனி எதற்கு?
(கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்)

தெளிவாக்குகிறதா, தெளிவாக ஏதோ ஒன்றை வரைகிறதா? பூனைப் படத்தில் இரண்டும் ஒன்றுதான். ரத்தத் துளியில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்கும்போது ஒன்றல்ல. பழகிய படங்களில் இருந்ததைப் போலவே இதிலும் இருக்கும் என்று நம்பி நிரப்புவதுதான் அதன் திறமை. நாங்களும் நியூரல் நெட்வொர்க் பயன்படுத்துகிறோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மீட்ட படத்தை ஒளியின் கணக்கில் திரும்பவும் செலுத்தி, சென்சாரில் உண்மையாக விழுந்த கறை வருகிறதா என்று ஒத்துப்பார்க்காமல் நான் எதையும் ஏற்றுக்கொள்வதில்லை.

மாணவர்கள் செய்யும் இன்னொரு பிழை, தன் கணக்கு மாதிரியில் போலிப் படம் தயாரித்து, அதே மாதிரியால் மீட்டுவிட்டு 'சரியாக வருகிறது' என்பது. தானே கேள்வித்தாள் எழுதித் தானே விடையும் எழுதினால் நூற்றுக்கு நூறு வராமல் என்ன வரும்?

2019 ஏப்ரலில் வெளியான கருந்துளைப் படத்தை நினைத்துப் பாருங்கள். அந்தத் தரவு கைக்கு வந்ததும் படம் ஆக்குகிறவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்து, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் முதலில் தனித்தனியாக மீட்டார்கள். நான்கிலும் வளையம் வந்தது. அப்புறம்தான் பேச்சு. வளையம் வர வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டு பார்த்தால் வளையம் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மகள் லேசர் லேபுக்குப் போகிறாள். கண்ணுக்கு ஆபத்தில்லையா?
(ஒரு தாய்)

கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா. இந்தத் துறையில் பல சோதனைகள் எல்இடியிலேயே நடக்கின்றன. லேசர் இருந்தால் அதன் வகுப்பு என்ன என்று மேலே ஒட்டியிருக்கும். ஒரு மில்லிவாட்டுக்கு உட்பட்ட இரண்டாம் வகுப்புச் சிவப்பு லேசர் தவறிக் கண்ணில் பட்டால் இமை தானாக மூடிக் காப்பாற்றிவிடும். 3பி வகுப்பு அப்படியல்ல, 500 மில்லிவாட் வரை போகும். அதற்கு அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி கட்டாயம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரில் இமைகூட மூடாது, அதனால் அதுதான் எனக்கு அதிக பயம். முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு இல்லாமல் லேசர் அருகே விட்டால் மகளைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மோதிரமும் வளையலும் கைக்கடிகாரமும் கழற்றிவிட்டுப் போகட்டும், கதிர் அதில் பட்டு எங்கேயாவது தெறிக்கும். கீழே விழுந்த திருகாணியை எடுக்கக் குனிந்தால் கண் கதிரின் உயரத்துக்கு வரும். அப்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

எங்கள் கல்லூரியில் ஒளியியல் லேப் என்றால் ஒரு நிறமாலைமானியும் நியூட்டன் வளையமும்தான். போவதற்குள் என்ன பழகிக்கொள்ளலாம்?
(பி.எஸ்சி. மாணவர்)

நியூட்டன் வளையத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். வளைந்த லென்ஸைத் தட்டைக் கண்ணாடிமேல் வைத்தால் தெரியும் அந்த வளையங்கள், கட்டத்தை அளக்கும் கருவி. அந்த வளையங்களைச் செல்போனில் படமெடுத்து, ஆரங்களைக் கோட் மூலம் கண்டுபிடித்து, லென்ஸின் வளைவைக் கணக்கிடுங்கள். கையால் அளந்த விடையோடு ஒப்பிடுங்கள். இது ஒன்றே ஒரு நல்ல விண்ணப்பம்.

அப்புறம், ஒரு படத்தைக் கணினியில் வேண்டுமென்றே மங்கலாக்கி, திரும்பத் தெளிவாக்கிப் பாருங்கள். ஃபூரியர் உருமாற்றம் செய்து, மங்கலாக்கியதன் உருமாற்றத்தால் வகுத்தால் போதும் என்று தோன்றும், சுத்தமாக வரும். அந்த மங்கலான படத்தில் துளியளவு இரைச்சலைக் கலந்து அதையே திரும்பச் செய்யுங்கள். திரை முழுக்கப் பொரிபொரியாக வெடிக்கும். ஏன் வெடிக்கிறது என்று உங்களுக்குப் புரிகிற நாளில் இந்தத் துறையில் பாதி புரிந்துவிட்டது.

முடிந்தால், உபயோகமில்லாத ஒரு வெப்கேமின் லென்ஸைக் கழற்றி, சென்சாருக்குச் சில மில்லிமீட்டர் முன்னால் கசங்கிய பிசின் நாடாவை ஒட்டி, இருட்டில் ஒரு புள்ளி விளக்கைக் காட்டுங்கள். நீச்சல் குளத்தின் அடியில் வெயில் நெளிவதுபோல ஒரு வலை தெரியும். விளக்கை நகர்த்தினால் வலையும் நகரும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் செய்த லென்ஸில்லாத கேமராவின் அடிப்படை அதுதான்: அந்த ஒரு வலையைத் தெரிந்துவைத்துக்கொண்டால், எந்தக் காட்சியும் பல வலைகளின் கூட்டல்.

வெளிநாட்டுப் பயிற்சிகளுக்கு எல்லோரும் விண்ணப்பிக்க முடியுமா?
(பெயர் வேண்டாம் என்றவர்)

நிபந்தனையை முதலில் படியுங்கள். உதாரணமாக, அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தரும் ஆர்.இ.யூ. திட்டத்தில் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும்தான் உதவித்தொகை கிடைக்கும். இது தெரியாமல் ஒரு மாதம் கட்டுரை எழுதி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போன கோடையில் பயிற்சி முடித்தேன். கடைசி வரை என் படம் சரியாக மீளவில்லை. வழிகாட்டியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
(இறுதி ஆண்டு மாணவி)

கேளுங்கள். கேட்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: எதை எதை மாற்றிப் பார்த்தேன், எது காரணம் இல்லை என்று உறுதியானது, மீதி என்ன சந்தேகம். வழிகாட்டிக்கு உங்கள் பத்து வாரமும் ஞாபகம் இருக்காது. அந்தப் பக்கத்தை வைத்துத்தான் அவர் கடிதம் எழுதுவார். இன்னொன்று, உங்கள் தரவு எந்தக் கோப்பில், எந்த எக்ஸ்போஷரில், எந்த நாளில் எடுத்தது என்று குறிப்பு எழுதி விட்டுவந்தீர்களா? இல்லையென்றால் இப்போதாவது எழுதி அனுப்புங்கள். அடுத்த கோடையில் அதே மேசையில் உட்காரும் பிள்ளை அங்கிருந்து தொடரும், நீங்களும் அவர் நினைவில் இருப்பீர்கள்.

கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. பயிற்சிக்குப் போகும்போது பையில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும்?
(முன்பே தேர்வாகியிருக்கும் அதே மாணவி)

கெட்டி அட்டை நோட்டு ஒன்று, தாள் பிரித்தெடுக்க முடியாததாக. குளிர்கிற லேபுக்கு ஒரு ஸ்வெட்டர். அப்புறம் கறுப்பு நாடா ஒரு சுருள். கேமராவின் பச்சை விளக்கு, கணினியின் நீல விளக்கு, கதவிடுக்கு எல்லாவற்றையும் அதால் மூட வேண்டியிருக்கும். லேபிலும் இருக்கும், ஆனால் உங்களுக்குத் தேவைப்படுகிற அன்று தீர்ந்துபோயிருக்கும்.